உவர்மலைத் தொட்டியில் வரிக்குதிரை ஏஞ்சல் சோடி: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீடு, ஆறடிக் கடல்நீர்த் தொட்டி, இரண்டு ஏஞ்சல் மீன்கள். முதல் இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் மாதம் பெரிய மீன் ஸோவந்திட் என்ற முருகை வகையின் பொலிப்புகளை (பூப்போல விரியும் சிறு உயிர்களை) கொத்தத் தொடங்கியது. முருகைக்கல்லுக்குத் தீங்கு செய்யாது என்று உறுதி சொல்லி விற்கப்படும் இனம் அது. மீனை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வீட்டார் முடிவுசெய்திருந்த நேரத்தில் தொட்டியை மறுபடி அளந்து பார்த்தோம். மீனின் இனத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது சரிதான். பிழை சாப்பாட்டு நேரத்திலும், தொட்டியை மூடியிருந்த அக்ரிலிக் தகட்டிலும் இருந்தது. திருகோணமலை போன்ற வெப்பமான கரையோர ஊரில் இந்த மீனை வளர்க்க நினைக்கும் எவருக்கும் இதே சிக்கல் வரக்கூடும் என்பதால், அளவுகளோடு முழுமையாகத் தருகிறோம்.

ஏன் இந்த இனம்

ஏஞ்சல் மீன்களில் பெரும்பாலானவை பாறையை மேய்பவை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் முக்குளிப்பவர்கள் கண்டு ஆசைப்படும் எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும். கடற்பஞ்சும் பாறையில் ஒட்டி வாழும் மற்ற உயிரினங்களும்தான் அதன் உணவு. குஞ்சுப் பருவத்தில் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு அது மிக அழகாக இருக்கும். ஆனால் முருகைத் தொட்டிக்குள் விட்டால் சில மாதங்களில் பொலிப்புகள் விரிவதையே நிறுத்திவிடும். புறாமலை 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுத்துவர முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சென்ட்ரோபைஜி எனப்படும் குட்டை ஏஞ்சல்கள் சிறியவைதான், ஆனால் அவற்றின் குணம் மீனுக்கு மீன் வேறுபடும். ஒன்று எதையும் தொடாது, அதே இனத்தில் இன்னொன்று எல்லாவற்றையும் கொத்தும்.

ஜெனிகாந்தஸ் பேரினத்தின் வாழ்க்கை வேறு. அதில் 10 இனங்கள் உண்டு. எல்லாமே பாறைக்கு மேலே நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் நுண்ணிய இறாலினங்களையும் மீன்முட்டைகளையும் பொறுக்கித் தின்பவை. வாய் சிறியது. வால் பிறை வடிவில், இரண்டு நுனியும் நீண்டிருக்கும். ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம். எல்லாம் பெண்ணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும்.

இந்தத் தொட்டிக்குத் தேர்ந்தது ஜெனிகாந்தஸ் கோடோவிட்டாட்டஸ், கடைக்காரர் சொல்லும் பெயரில் வரிக்குதிரை ஏஞ்சல். செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் மாலைதீவிலும் வாழ்வது, 15 மீற்றரிலிருந்து 70 மீற்றர் ஆழம் வரை காணப்படும், 20 செ.மீ. வளரும். பெண் மங்கிய இளஞ்சிவப்புச் சாம்பல் நிறம், கண்ணுக்கு மேல் கரும்பட்டை, வாலின் மேல் கீழ் ஓரங்கள் கறுப்பு. ஆணுக்கு உடம்பில் குறுக்காகப் பழுப்பு வரிகளும் முதுகுச் செட்டையில் கறுப்புப் பட்டையும் இருக்கும். அதிகம் விற்பனைக்கு வருவது லமார்க் ஏஞ்சல். அது இதைவிடப் பெரிதாக வளரும், ஆறடித் தொட்டிக்குள் அடக்கமாக இருப்பது இதுதான்.

ஆழம் 15 மீற்றருக்கு மேல் என்பதை வாங்கும்போது மறக்கக்கூடாது. 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. அங்கிருந்து மீனை வேகமாகத் தூக்கினால் காற்றுப்பையில் உள்ள வாயு நான்கு மடங்கு விரியும். இந்த மீனின் காற்றுப்பை வாயோடு இணைந்ததல்ல, வாயுவை ஏப்பமாக விட்டுவிட முடியாது. பிடிப்பவர்கள் மெதுவாக, இடையிடையே நிறுத்தித் தூக்க வேண்டும். அல்லது ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். ஊசி பிழைத்தால் உள்ளே புண்ணாகும். அப்படிப்பட்ட மீன் வால் மேலே, தலை கீழே என்று சாய்ந்து, ஓயாமல் செட்டையடித்துக்கொண்டே இருக்கும். கடைத் தொட்டியில் சில நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அந்த மீனை வாங்கக்கூடாது.

தொட்டி

6 × 2 × 2 அடி, 12 மி.மீ. கண்ணாடி, மேலே குறுக்குப் பட்டைகள். கணக்குப்படி 680 லீற்றர். மணலும் பாறையும் மேல் இடைவெளியும் போக 560 லீற்றர் நீர். கீழே உள்ள சம்ப் தொட்டியில் (நீரை வடித்துத் திருப்பியனுப்பும் துணைத்தொட்டி) 80 லீற்றர். ஆக 640 லீற்றர், இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். நீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து 900 கிலோவுக்குக் குறையாது, அதனால் தரைத்தளத்தில் சீமெந்துத் தரையில் இரும்புச் சட்டத்தின் மேல் வைக்கப்பட்டது.

இரண்டு மீனுக்கு இவ்வளவு பெரிய தொட்டியா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த மீன் பாறை இடுக்கில் வாழாது. பகல் முழுக்கத் திறந்த நீரில் முன்னும் பின்னும் நீந்தும். நாலடித் தொட்டியில் அது திரும்பித் திரும்பியே களைத்துவிடும். பாறையும் அதற்கேற்றபடிதான் அடுக்கப்பட்டது: இரண்டு தனிக் குவியல்கள், உயரம் 30 செ.மீ. தாண்டாமல், மேலே பாதி நீர் முழுவதும் வெறுமையாக.

இலங்கையில் உயிருள்ள கல்முருகையைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி தடை. கரையொதுங்கிய துண்டையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. இந்தத் தொட்டியின் பாறை சீமெந்தால் ஆனது: ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு நொறுக்கிய சிப்பி. நனைத்த மணலில் குழி தோண்டி வார்த்து, இறுகிய பின் நன்னீரில் ஊறவைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஊறிய நீரின் பி.எச். 8.5 க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும் வரை தொட்டிக்குள் போடக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். முருகைகளாக வளர்ப்பில் பெருக்கிய ஸோவந்திட், சார்கோபைட்டன் என்ற மென்முருகை, காளான் முருகை ஆகியவை மட்டும். நீரோட்டத்துக்கு மணிக்கு 6,000 லீற்றர் தள்ளும் பவர்ஹெட் இரண்டு, எதிரெதிர் மூலைகளில்.

நீர்

திருகோணமலையில் இருப்பவருக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. உப்புப் பொதி வாங்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் கடலில், எந்த மாதத்தில் என்பது முக்கியம். மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. வாடைக்காற்று மழையில், ஒக்டோபர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை, குடாவின் நீர் கலங்கி உப்புக் குறைந்து, வயல்களிலிருந்து வரும் உரத்தையும் மருந்தையும் சுமந்து வரும். உள்துறைமுகப் பக்கம் கப்பல், படகு எண்ணெய். ஆகவே ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை, நிலாவெளிப் பக்கம், வெளிக்கடலைப் பார்த்த கரையில், காலையில் நீர் தெளிந்திருக்கும்போது எடுப்பதே சரி. மழை பெய்து ஒரு வாரமாவது போயிருக்க வேண்டும்.

எடுத்த நீரை 25 லீற்றர் கான்களில் கொண்டுவந்து, ஒரு நாள் இருட்டில் படியவிட்டு, 5 மைக்ரோன் வடிகட்டியில் வடித்து, குளோரின் போட்டுத்தான் பாவிக்கப்படுகிறது. 5 வீத குளோரின் திரவம் என்றால் 25 லீற்றருக்கு 5 மி.லீ.; அது லீற்றருக்கு 10 மி.கி. குளோரின். மணமோ நிறமோ சேர்க்காத திரவமாக இருக்க வேண்டும். ஒரு நாள் காற்றூட்டிய பிறகு எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேற்றால் முறிக்க வேண்டும். ஒரு மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. பளிங்குத் தயோசல்பேற்று போதும். குளோரின் சிறிதும் ஆவியாகாமல் இருந்தாலும் 25 லீற்றருக்கு 1.75 கிராமுக்கு மேல் தேவைப்படாது. குளோரின் சோதனையில் நீர் நிறம் காட்டாத பிறகே தொட்டிக்குப் போகும். இந்தப் படியைத் தவிர்த்தால் வெண்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணியின் நீந்தும் பருவம் உயிரோடு உள்ளே வரலாம்.

உப்பை ஆயிரத்துக்கு 35 பங்கில் பிடித்து வைக்க வேண்டும், ஒப்படர்த்தியில் 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரை வெறும் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சரிபார்த்தால் 35 அருகில் பிழை காட்டலாம். 35 அளவுக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீர் (சவ்வுவழி வடித்து உப்பு நீக்கிய நன்னீர்) மட்டும் ஊற்றப்படுகிறது. கந்தளாயிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் உண்டு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்.

வந்து சேர்ந்தது

இரண்டும் பெண் நிறத்தில், ஒன்று 11 செ.மீ., மற்றது 8 செ.மீ. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போடக்கூடாது. அளவு வித்தியாசமுள்ள இரண்டு பெண்களை வாங்கினால் பெரியது தானாக ஆணாகும், சின்னது பணிந்து போகும். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை, இரவு பஸ். ஏஞ்சல் மீனின் செவுள்மூடியின் கீழ் மூலையில் ஒரு கூர்முள் உண்டு, அது பையைக் குத்திக் கிழிக்கும். ஆகவே மீனுக்கு ஒரு பை, பைக்குள் பை, இரண்டுக்கும் நடுவில் பத்திரிகைத்தாள். மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஒட்சிசன், வெளியே ரெஜிபோம் பெட்டி.

வீட்டில் பையைத் திறந்ததும் செய்யும் ஒரு நல்ல நோக்கமுள்ள பிழை, மணிக்கணக்கில் துளித்துளியாக நீர் சேர்ப்பது. பயணத்தில் பைக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அமோனியா நஞ்சு குறைந்த வடிவத்தில் இருக்கும். பை திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறும், அமோனியா நஞ்சாகும். தனிமைத் தொட்டியின் (புது மீனை நோய் நீங்கும் வரை தனியே வைக்கும் தொட்டி) உப்பை முன்கூட்டியே பை நீரின் அளவுக்குக் குறைத்து வைத்து, வெப்பநிலை சமனானதும் மீனை உடனே மாற்றிவிடுவதே பாதுகாப்பு. இங்கே அப்படித்தான் செய்யப்பட்டது. உப்பு பின்னர் சில நாட்களில் 35 க்கு உயர்த்தப்பட்டது.

தனிமைக்கு 60 லீற்றர் நீலப் பீப்பாக்கள். மணல் இல்லை, பாறை இல்லை. மூன்று அங்குல பி.வி.சி. முழங்கைகள் மட்டும் ஒளிவிடமாக. ஜெனிகாந்தஸ் செம்பு மருந்தை நன்றாகத் தாங்காத மீன் என்று பேர் வாங்கியது. ஆகவே வெண்புள்ளிக்குப் பீப்பா மாற்றும் முறை: 72 மணி நேரம் முடிவதற்குள் மீனை முற்றிலும் புதிய நீருள்ள, காய்ந்த பீப்பாவுக்கு மாற்ற வேண்டும், இப்படி நான்கு முறை. ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்துத் திரும்பி வருவதற்குள் மீன் அங்கே இராது. விட்ட பீப்பாவைக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவிட வேண்டும். இது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயைத் தடுக்காது. அதற்குக் கண்ணும் உருப்பெருக்கியும்தான் துணை. தட்டைப்புழுவுக்கு இரண்டாம், நான்காம் பீப்பாக்களில் பிரசிகுவாண்டெல், லீற்றருக்கு 2.5 மி.கி., அதாவது பீப்பாவுக்கு 150 மி.கி. தூள் நீரில் எளிதில் கரையாது. சிறிது எதனோலில் கரைத்து ஊற்ற வேண்டும், காற்றுக் கல்லைக் கூட்ட வேண்டும், ஏனெனில் மருந்து போட்ட நீரில் பற்றீரியா பெருகி ஒட்சிசன் குறையும்.

மாற்றும்போது வலை வேண்டாம். செவுள்மூடியின் முள் வலையில் சிக்கும், பிடுங்கினால் செவுள்மூடி கிழியும். ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் கூஜாவை நீருக்குள் சாய்த்து மீனை உள்ளே ஓட்டினால் போதும்.

சின்ன மீன் முதல் சில நாட்கள் தலை சற்றே கீழ்ப்பக்கம் சாய்ந்து நின்றது. கடையில் காணாதது, பயணத்தில் மிகுந்திருக்கலாம். பீப்பாவைத் துணியால் மூடி இருட்டாக்கி, நீரோட்டத்தைக் குறைத்ததும் படிப்படியாக நிமிர்ந்தது. இரண்டும் உறைந்த இறைச்சியைத் தொடவில்லை. உயிருள்ள ஆட்டீமியாவை (உவர்நீர் இறாலினம்) விட்டதும் பெரியது முதலில் விரட்டித் தின்றது, மறுநாள் சின்னதும். அதோடு உறைந்த மைசிஸ் என்ற சிறு இறாலினத்தைக் கலந்து, நாளுக்கு நாள் உயிருள்ளதின் பங்கைக் குறைத்து, இரண்டாம் வார முடிவில் முழுவதும் உறைந்த உணவுக்குக் கொண்டுவரப்பட்டது. மார்ச் கடைசியில் பெரிய தொட்டிக்கு, விளக்கு 30 வீத ஒளியில்.

கொத்தல்

ஏப்ரலும் மேயும் நல்லபடி போயின. யூன் மாதத்தில் ஸோவந்திட் கொத்து ஒன்று மூடிக்கிடப்பது கண்ணில் பட்டது. பிறகு இறகுப்புழு ஒன்று காணாமல் போனது.

முதலில் செய்தது பார்ப்பதுதான். காலை, நண்பகல், மாலை, இரவு என்று ஒவ்வொரு வேளையும் இருபது நிமிடம், கைத்தொலைபேசியில் பதிந்து, கொத்துகளை எண்ணினோம். காலையில் குறைவு. நண்பகலிலிருந்து நான்கு மணி வரை மிக அதிகம். இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கொத்தும் விதமும் கவனிக்க வேண்டியது: மீன் பொலிப்பை இழுத்துக் கிழிக்கவில்லை, ஓரத்தில் இருந்த எதையோ பொறுக்கியது, பாதியைத் துப்பியது. மார்புச் செட்டைக்குப் பின்னால் வயிறு உள்வாங்கியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, முன்பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால்தான் தெரியும். மெலிவின் முதல் அடையாளம் இந்தக் குழி.

வீட்டில் கேட்டபோது சாப்பாட்டு முறை மாறியிருந்தது. முன்பு பகலில் மூன்று வேளை போட்டவர் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, அதே அளவை இரவில் ஒரே தரமாகப் போடுகிறார்கள். மொத்த அளவில் குறைவில்லை. ஆனால் மிதவை தின்னும் மீன் நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்னும்படி அமைந்தது. ஒரே வேளையில் கொட்டினால் ஒரு பங்கை மட்டும் விழுங்கும், மீதி ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) மணலுக்கும் போகும். மறுநாள் முழுக்கப் பசி. மேலே எதுவும் மிதந்து வராதபோது அது கீழே பார்க்கிறது. கீழே இருப்பது பொலிப்பு.

இரண்டாவது காரணம் வெப்பமானி காட்டியது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி 30.6 °செ. ஏப்ரலில் இப்படி இருக்கவில்லை. மே கடைசியில் சின்ன மீன் துரத்தப்பட்டு மேலே துள்ளியதைக் கண்டு, அது வெளியே பாயும் என்ற பயத்தில் வீட்டார் தொட்டியின் மேல் முழு அக்ரிலிக் தகடு போட்டிருந்தார்கள். பயம் சரியானதே; இந்த இனம் பாயும். ஆனால் தகடு ஆவியாதலை நிறுத்திவிட்டது. விசிறிகள் மூடிய தகட்டுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தன.

ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. 640 லீற்றரை ஒரு பாகை குளிர்விக்க ஏறத்தாழ 2,600 கிலோயூல் தேவை. அதாவது ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூட ஆவியானால் தொட்டி ஒரு பாகை இறங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று சூடானது, ஆனால் வரண்டது. விசிறியின் பயன் அப்போதுதான் அதிகம். அந்தப் பயனை மிகத் தேவையான மாதத்தில் தகடு அடைத்துவிட்டது.

வெப்பம் ஏறினால் மீனின் உடல் வேகமாக எரிக்கும், பசி கூடும். அதே நேரம் நீரில் கரையும் ஒட்சிசன் குறையும்: 35 உப்பில் 25 °செ. நீர் அதிகபட்சம் சுமார் 6.7 மி.கி./லீற்றர் பிடிக்கும், 30 இல் 6.2. தகடு வாயுப் பரிமாற்றத்தையும் தடுத்திருந்தது, காலைப் பி.எச். 7.8 ஆக இறங்கியிருந்தது அதன் சாட்சி. ஆக, மீன் கூடுதலாகப் பசித்தது, கூடுதலாக மூச்சு வாங்கியது, பகலில் அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு காரணங்களையும் ஒரே நாளில் திருத்தியிருந்தால் எது எவ்வளவு என்று தெரிந்திராது. அதனால் முதலில் தகட்டை அப்படியே விட்டு, நண்பகல் சாப்பாடு மட்டும் சேர்க்கப்பட்டது. கொத்துகள் பாதிக்கும் கீழே இறங்கின. பிறகுதான் தகடு எடுக்கப்பட்டது. அதன் பின் பிற்பகலில் எப்போதாவது ஒன்று. சாப்பாடுதான் முதன்மைக் காரணம், வெப்பம் அதைத் தூண்டிவிட்டது என்பது எங்கள் முடிவு.

திருத்தம்

தகட்டுக்குப் பதில் அலுமினியச் சட்டத்தில் 6 மி.மீ. கண் நைலோன் வலை. குறுக்குப் பட்டையருகே விரல் அகல இடைவெளிகூட விடக்கூடாது. மீன் பாய்வது பெரும்பாலும் விளக்கணைந்த பின், மூலையில். நான்கு 120 மி.மீ. விசிறிகள் நீர்மட்டத்தைச் சாய்வாக நோக்கி, 27 பாகையில் இயங்கத் தொடங்கும்படி கட்டுப்படுத்தியோடு. மூன்று மணி வெப்பநிலை 27.8 க்கு வந்தது. ஈடாக நாளொன்றுக்கு 9 முதல் 10 லீற்றர் ஆவியாகிறது. 10 லீற்றரை ஒரு நாள் ஊற்றாவிட்டால் உப்பு 35 இலிருந்து 35.6 ஆகும், இரண்டு நாள் விட்டால் 36 தாண்டும். ஆகவே மிதவை ஆளியோடு தானாக ஊற்றும் 40 லீற்றர் ஆர்.ஓ. கலன் வைக்கப்பட்டது. மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் விசிறி அவ்வளவு குளிர்விக்காது. ஆனால் அப்போது வெயிலும் இராது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குவதை இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயமாக நாங்கள் கருதவில்லை. அறையிலேயே அதன் வெப்பத்தைக் கொட்டும், மின்சாரக் கட்டணமும் ஏறும்.

சாப்பாடு ஐந்து வேளை. காலை 7, 10, பிற்பகல் 1 மணிக்குத் தானியங்கி ஊட்டி, தரத்துக்கு 0.4 கிராம் 1 மி.மீ. மணிகள். மாலை 5 க்கும் இரவு 8 க்கும் கையால் உறைந்த கலவை, தரத்துக்கு 6 கிராம், தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் சேர்த்து. ஊட்டியைக் கடற்காற்று கெடுக்கும்: மணிகள் ஈரமுறிஞ்சி வாயில் கட்டிபடும், வெளியே போயிருப்பவர்களுக்கு அது தெரியாது. மூன்று நாள் அளவுக்கு மேல் நிரப்பாமல், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, சிறு காற்றுக்குழாயை ஊட்டியின் வாய்ப்பக்கம் ஊதவிட்டதும் சரிவந்தது.

உறைந்த கலவை ஊர்ச் சந்தையிலேயே கிடைப்பதால் ஆனது. தோலுரித்த இறால் 200 கிராம், உப்பிடாத பச்சைக் கூனி 150 கிராம், மீன் சினை 100 கிராம், நோரி கடற்பாசித் தாள் 10 கிராம். பிரீசரில் −20 °செ. அளவில் ஒரு வாரம் வைத்த பிறகே அரைக்க வேண்டும். ஒட்டுண்ணிகள் பல அதில் சாகும். பசையாக அரைக்காமல், 1 முதல் 2 மி.மீ. துணுக்குகள் வரும் வரை மட்டும் விட்டுவிட்டு அரைத்து, சல்லடையில் போட்டு நன்னீரில் சாறு போகும் வரை அலச வேண்டும். அந்தச் சாற்றில்தான் பொஸ்பேட் இருக்கும். பிறகு விட்டமின் சில துளிகள், 3 மி.மீ. தடிப்பில் பையில் பரப்பி உறைய வைத்தால் ஒடித்து ஒடித்து எடுக்கலாம். போடும்போது பவர்ஹெட்டின் முன்னால் போட வேண்டும். உணவு தொட்டியின் முழு நீளமும் மிதந்து சுற்றும்போது மீன் நடுநீரிலேயே நின்று பிடிக்கும், கீழே போகாது.

ஐந்து வேளைக்கு விலை உண்டு. ஐந்து வாரத்தில், லீற்றருக்கு மி.கி. கணக்கில், நைட்ரேட் 8 இலிருந்து 22 க்கும், பொஸ்பேட் 0.05 இலிருந்து 0.16 க்கும் ஏறின. முன்கண்ணாடியில் பச்சை படர்ந்தது. சாப்பாட்டைக் குறைப்போம் என்று வீட்டார் சொன்னார்கள், நாங்கள் மறுத்தோம். சம்பின் நடு அறையில் கீட்டோமோர்ஃபா பாசி, அதற்கு இரவு விளக்கு (தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் எரிவதால் இரவில் பி.எச். இறங்குவதும் குறைந்தது), ஸ்கிம்மர் கொஞ்சம் ஈரமாக நுரைக்கும்படி, வடிகட்டிப் பை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுதல், வாரம் ஐந்து கான் நீர்மாற்றம், அதாவது சுமார் 125 லீற்றர். நைட்ரேட் 12, பொஸ்பேட் 0.08 என்று அடங்கியது. முருகைகளுக்கு அது தொல்லையில்லை.

ஆண் ஆனது

யூலையில் பெரிய மீனின் முதுகுச் செட்டையின் நடுவில் மங்கலான கறை தெரிந்தது. பிறகு முதுகிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பு வரிகள், முதலில் துரத்தும்போது மட்டும், பின் நிலையாக. வாலின் கறுப்பு ஓரங்கள் மங்கின. செப்ரெம்பரில் முழு ஆண். நிறமாற்றம் பாதியில் இருக்கும்போது நோய் என்று நினைத்து மருந்து போடுபவர்கள் உண்டு. மீன் தின்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த வாரங்களில் சின்ன மீன் அதிகம் துரத்தப்படும். செட்டையில் கிழிவு வருவது சாதாரணம். மூலையில் ஒதுங்கிச் சாப்பிடாமல் நின்றால்தான் தலையிட வேண்டும். இங்கே இரண்டு குவியலுக்கும் நடுவில் மூன்றாவது சிறு பாறை வைத்துப் பார்வைக்கோட்டை மறைத்ததும், உணவை இரண்டு முனைகளில் ஒரே நேரம் போட்டதும் போதுமாயின.

மின்சாரம் போனால்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. இப்படிப்பட்ட நாட்டில் தொட்டியின் முதல் பாதுகாப்பு மின்கல ஏற்பாடுதான். விளக்கு, ஸ்கிம்மர் எல்லாம் பிறகு. மின்சாரம் போன தொட்டியில் மீன் சாவது வெப்பத்தாலல்ல, நீர் அசையாததால். ஓகஸ்டில் பகல் நேரம் ஐந்து மணித்தியாலம் மின்சாரம் போனபோது 12 வோல்ட் மின்கலத்தில் ஒரு நேரோட்டப் பவர்ஹெட்டும் இரண்டு காற்றுப் பம்பும் ஓடின. பவர்ஹெட்டை மேற்பரப்பு குலுங்கும்படி மேலே திருப்பிவிட வேண்டும். அடியில் சுற்றும் நீரோட்டம் ஒட்சிசன் ஏற்றாது. அந்த நேரத்தில் சாப்பாடு போடக்கூடாது. தானியங்கி ஊட்டி தன் சொந்த மின்கலத்தில் ஓடும் வகை என்றால், அதை மறக்காமல் நிறுத்த வேண்டும்: ஸ்கிம்மர் நின்றிருக்கும்போது அது மணியைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கொத்துப்பட்ட ஸோவந்திட் கொத்தில் முக்கால்வாசி திரும்ப விரிந்தது. இறகுப்புழு மீண்டும் வைக்கப்படவில்லை. அதன் இறகு நீரில் மிதக்கும் உணவின் அளவிலேயே அசைவது, இந்த மீனின் கண்ணில் அது எப்போதும் படும் என்பதே எங்கள் கணிப்பு. பெரிய சதைப்பற்றுள்ள முருகைகளையும் அகன்ற சிப்பிகளையும் இதே காரணத்துக்காக இந்தத் தொட்டியில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். மூன்றாவது ஏஞ்சலும் வேண்டாம். ஆண் 20 செ.மீ. எட்டும்போது ஆறடி இந்தச் சோடிக்கே அளவாக இருக்கும். இப்போது செப்ரெம்பர். வாடை தொடங்கினால் நீர் எடுக்க முடியாது, அதனால் 500 லீற்றர் நீர் இரண்டு கறுப்புத் தாங்கிகளில் வடித்து, குளோரின் முறித்து, மூடி வைக்கப்பட்டிருக்கிறது. வாரம் 125 லீற்றர் என்றால் அது நான்கு வாரத்துக்கு; அதற்குப் பிறகு மழை விட்டுக் கடல் தெளியும் வரை நீர்மாற்றத்தைப் பாதியாக்கி, தேவைப்பட்டால் ஒரு பொதி செயற்கை உப்பு.